கிச்சிலிக் கன்றுக்கு வைத்த விருந்து

முன்னொரு காலத்தில், அதாவது என் முன்பற்கள் இரண்டும் என்னோடு இருந்த காலத்தில், ஒரே ஒரு வாக்கியத்தால் ஒரு நாட்டையே சங்கடத்தில் தள்ளினேன். நாட்டின் பெயரைச் சொல்வதற்கில்லை. அங்கே யாராவது இன்னும் என்னைத் தேடிக்கொண்டிருக்கலாம். என் பெயரைச் சொல்லலாம். திருமேனி. மேனி என்று சொல்லிக்கொள்ளும்படி பெரிதாக ஒன்றும் கிடையாது, மூங்கில் கழிக்கு வேட்டி கட்டிவிட்டது போல இருப்பேன். அரசவையில் விகடகவி உத்தியோகம். மன்னர் முகம் சுருங்கினால் நான் அதை விரிக்க வேண்டும். விரிந்தால் அன்றைக்குச் சோறு உண்டு.

அந்த அவையில் ஒரு பழைய சட்டம் இருந்தது. மன்னரின் பாட்டனார் போட்டது. ‘இல்லை’, ‘ஆகாது’, ‘மாட்டேன்’, ‘தெரியாது’ என்ற நான்கு சொற்களும் மன்னர் காதில் விழக்கூடாது. விழுந்தால் சொன்னவர் நாட்டைவிட்டு நடக்க வேண்டியதுதான். ஆகவே குளம் வற்றிப்போனால், “குளம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, மன்னா” என்பார்கள். பட்டத்து யானை செத்தபோது, யானை எழுந்திருப்பது பற்றி நெடுநேரமாக யோசித்துக்கொண்டிருக்கிறது என்று தகவல் வந்தது. மன்னர் ஒரு பாட்டுப் பாடிவிட்டு எப்படி என்று கேட்டால், தூண்களெல்லாம் அசையாமல் கேட்டன என்று சொல்லிவிட்டு எல்லோரும் தரையைப் பார்ப்பார்கள். அறுபது ஆண்டுகள் இப்படிப் பேசிப் பேசி, நாட்டில் யாருக்குமே நேராகப் பதில் சொல்ல வராமல் போயிற்று. என் மாமியாரிடம் சாப்பாடு ஆயிற்றா என்று கேட்டால், அடுப்பு நல்ல அடுப்பு என்பார். நான் கைகழுவிக்கொண்டு காத்திருப்பதா, கடைத்தெருவுக்குப் போவதா என்று கடைசிவரை புரிந்ததே கிடையாது.

அந்த நாட்டுக்குத்தான் பக்கத்து நாட்டு அரசர் ஒரு கிச்சிலிக் கன்றை அனுப்பினார். இப்போது ஆரஞ்சு என்கிறீர்களே, அதேதான். எங்கள் ஊரில் அது வரை யாரும் கண்டதில்லை. இரண்டு நாடுகளுக்கும் சண்டை முடிந்து சமாதானம் ஆன நேரம். கன்று வளர்வதைப் பார்த்துப்போக அடுத்த பௌர்ணமிக்குத் தூதுவர் வருவதாக ஓலை வந்திருந்தது. அவை மண்டபத்து முற்றத்தில், எல்லோர் கண்ணும் படும் இடத்தில், கன்றை நட்டார்கள். நட்டவள் நந்தவனத் தலைவி உலகாயி. இருபது வருடமாக அந்த அரண்மனையில் பச்சையாக நின்ற எல்லாவற்றுக்கும் அவள்தான் பொறுப்பு. கிணற்றடிக்குப் பின்னால் ஒரு குடிசை, அதைவிட்டால் அவளுக்குப் போக இடமில்லை.

கன்றுக்கு என்ன கொடுக்கிறாய் என்று மன்னர் கேட்டார். காலையில் ஒரு குடம் தண்ணீர், மாதம் ஒரு கூடை மக்கிய சாணம் என்றாள். அத்தோடு விட்டிருக்கலாம். மன்னர் அன்று காலையிலிருந்தே முகம் சுருங்கி உட்கார்ந்திருந்தார். என் வயிறு என்னைப் பார்த்தது. நான் வாயைத் திறந்தேன்.

“பக்கத்து நாட்டிலிருந்து வந்த விருந்தாளிக்குத் தண்ணீரும் சாணமும். நம் நாட்டு உபசாரம் நாலு திசையும் பரவட்டும், மன்னா.”

அவையே குலுங்கிச் சிரித்தது. மன்னர் மட்டும் சிரிக்கவில்லை. தாடியைத் தடவினார். அவர் தாடியைத் தடவினால் ஓர் ஆணை பிறக்கப்போகிறது என்று பொருள்.

“திருமேனி சொல்வது சரி. விருந்தாளி விருந்தாளிதான். இன்று முதல் எனக்கு இடும் இலையில் என்னென்ன உண்டோ, அத்தனையும் கன்றுக்கும் இடுக.”

இதை நல்ல யோசனை என்று முதலில் கைகூப்பியவர் மந்திரி குலசிகாமணி. என்னைக் கண்டால் அவருக்கு ஆகாது. நாற்பது வருடம் சாத்திரம் படித்தவர் சொன்னதற்கு ஒருமுறைகூடச் சிரிக்காத மன்னர், நான் தும்மினால்கூடச் சிரிக்கிறாரே என்ற வருத்தம். விருந்துப் பொறுப்பை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். மத்தியானம் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை, மேளம் முன்னே போக வெள்ளித் தட்டுகள் பின்னே வரும். பருப்பும் நெய்யும் முதலில் போகும். பிறகு மிளகுச் சாறு, வடுமாங்காய், பாயசம், உப்புப் போட்ட மோர். எல்லாம் கன்றின் அடியில் பொதபொதவென்று விழும். அப்பளத்தை நொறுக்கித் தூவியது மந்திரியின் சொந்தக் கற்பனை.

உலகாயி ஓரமாக நின்று பார்த்தாள். அவள் எப்படி ஆகாது என்று சொல்வாள்? சொன்னால் நாட்டைவிட்டு நடக்க வேண்டியதுதான்.

எட்டாம் நாள் கன்று தலையைத் தொங்கப் போட்டது. இலைகளின் ஓரம் தீயில் காட்டியது போலக் கருகிச் சுருண்டது. மன்னர் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்துப் பிழிந்தார். விரல் இடுக்கிலிருந்து சொட்டியது. இவ்வளவு ஈரத்தில் நிற்கும் செடி ஏன் தாகத்தில் நிற்பது போல வாடுகிறது என்று அவையைக் கேட்டார். அவை, கன்று அடக்கம் கற்றுக்கொள்கிறது என்றது.

குலசிகாமணி முன்னால் வந்தார். விருந்து குறைவறவே நடக்கிறது, ஆனால் விருந்தாளிக்கு உலகாயியின் முகம் கசக்கிறது போலும் என்றார். மன்னர் பயந்துபோயிருந்தார் என்று எனக்குத் தோன்றியது. செத்த கன்றைத் தூதுவரிடம் காட்டினால் சமாதானம் என்னாகும்? பயந்த மன்னர்கள் செய்வதையே அவரும் செய்தார். பௌர்ணமிக்குள் கன்று தலை நிமிராவிட்டால் உலகாயி கட்டிய துணியோடு ஆற்றைக் கடந்துவிட வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. அதுவரை விருந்து நிற்கக் கூடாது.

எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. சொன்னவன் நான், சிரித்தவர்கள் அவர்கள், ஆற்றைக் கடக்கப்போகிறவள் அவள்.

கிணற்றடிக்குப் போனேன். உலகாயி ஈரச் சாக்கில் கேழ்வரகை முளை கட்டிக்கொண்டிருந்தாள். என்மேல் கோபமா என்று கேட்டேன். வெயில் ஏறுது பாருங்க என்றாள். கன்று ஏன் வாடுகிறது என்று கேட்டேன். அதற்கும் நேராகப் பதில் வரவில்லை.

“மடைப்பள்ளியில வடுமாங்காய் ஜாடி இருக்குல்ல, விகடரே. அதுல தண்ணி ஊத்துறது யாருன்னு கேட்டுட்டு வாங்க.”

போனேன். ஆளுயர ஜாடி. மூடியைத் திறந்து கையை விட்டால் முழங்கை வரை தண்ணீர். மாவடுக்கள் கிழவர் கன்னம் போலச் சுருங்கிக் கிடந்தன. யார் ஊற்றியது என்று ஊறுகாய் போடும் அம்மாளைக் கேட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கல்லுப்பு நல்ல வேலைக்காரன் என்றாள். புரிந்துகொள்ள எனக்குச் சிறிது நேரம் ஆயிற்று. ஒருவரும் ஊற்றவில்லை. காயில் இருந்த தண்ணீரை உப்பு வெளியே இழுத்திருக்கிறது.

ஓடி வந்தேன். உலகாயி முளைவிட்ட கேழ்வரகு ஒன்றை விரல் நுனியில் வைத்துக் காட்டினாள். வெள்ளை வேர். அதன்மேல் பூனைக்குட்டியின் காது மயிர் போல, மூச்சுப் பட்டால் அசையும் பஞ்சு. அதுதான் செடியின் வாய் என்றாள். ஒரு வாய் கிடையாது, ஆயிரம். ஆனால் ஒன்றிலும் பல் கிடையாது. ஒரு பருக்கையைக் கொடுத்தால் அது என்ன செய்யும்? தண்ணீர் மட்டும்தான் உள்ளே போகும், தண்ணீரில் கரைந்து வருவது கூடவே கொஞ்சம் போகும். மண்ணில் உள்ள சத்தெல்லாம் அப்படித்தான், மழைத்தண்ணீரின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைகிறது. மேலே இலை வெயிலில் வியர்க்க வியர்க்க, கீழே வேர் உறிஞ்சுகிறது. இலையிலிருந்து வேர்வரை ஒரே தண்ணீர்க் கயிறு. மேலே இழுத்தால் கீழே வரும்.

“வேருக்குள்ள இருக்கிறதைவிட வெளிய உப்பு கூடிப்போச்சுன்னா?” என்று கேட்டேன்.

“ஜாடியைத்தான் பார்த்துட்டு வந்தீங்களே.”

நெய் வேறு மண்ணின் மூச்சை அடைத்துவிட்டதாம். ஆக, கன்று ஊறுகாய் ஆகிக்கொண்டிருந்தது. தண்ணீரின் நடுவில் நின்றுகொண்டு, உள்ளே இருந்த தண்ணீரையும் இழந்துகொண்டிருந்தது. நல்ல தண்ணீர் விட்டு அந்த உப்பைக் கழுவி வெளியேற்றினால் பிழைக்க வழியுண்டு. ஆனால் முதலில் விருந்து நிற்க வேண்டும். விருந்தை நிறுத்த மன்னரிடம் ‘ஆகாது’ என்று ஒருவர் சொல்லியாக வேண்டும். சொன்னவர் ஆற்றைக் கடக்க வேண்டும்.

அதற்குள் மறுநாள் அவையில் குலசிகாமணி எழுந்து, விருந்து குறைவாக இருக்கிறது போலும், காலையிலும் ஓர் இலை கூட்டலாம் என்றார். மன்னர் கை தாடிக்குப் போனது. நான் அவசரமாக எழுந்ததில் வேட்டி தடுக்கி மன்னர் காலடியில் போய் விழுந்தேன். பேச அது நல்ல இடமாகவே இருந்தது.

“மந்திரியார் சொல்வது மிகவும் சரி, மன்னா. ஆனால் ஒரு சின்னக் குறை என் மனத்தை உறுத்துகிறது. விருந்தாளி தனியாக உண்கிறார். வந்தவரைத் தனியே உண்ணவிட்டு வீட்டார் வேடிக்கை பார்ப்பது நம் நாட்டு வழக்கமா? பக்கத்தில் ஒருவர் கூட உட்கார்ந்து, அவர் உண்ணும் விதமாகவே உண்ண வேண்டாமா?”

மன்னர் திடுக்கிட்டார். எவ்வளவு பெரிய மரியாதைக் குறைவு. யார் கூட உண்பது என்று கேட்டார். விருந்துப் பொறுப்பு யாருடையதோ அவர்தான், வேறு யார் உட்கார்ந்தாலும் மந்திரியாருக்கு அவமானம் என்றேன். குலசிகாமணி பெருமையாகத் தலையசைத்தார். மூன்று வேளை அரச விருந்து, முற்றத்தில், எல்லோரும் பார்க்க. அவருக்கு என்ன கசக்கிறதா?

“விருந்தாளி உண்ணும் விதமாகவே,” என்று நான் மறுபடி சொன்னேன். “விருந்தாளி காலால் உண்கிறார், மன்னா. மேலே வாய் வைத்து எதுவும் தொடுவதே கிடையாது.”

மந்திரியின் முகத்தில் வெளிச்சம் அணைந்தது. மறுக்கலாம் என்றால் மறுக்கும் சொல் அவையில் தடை செய்யப்பட்டது. அவர் உதடுகள் ‘மா’ என்று குவிந்தன, அதை அப்படியே இழுத்து, “மா... மன்னர் சித்தம்” என்று முடித்தார்.

மறுநாள் காலை கன்றுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய அண்டா வைத்தார்கள். மந்திரி முழங்கால்வரை அதற்குள் நின்றார். நின்றால்தானே செடி. அன்று மட்டும் கன்றின் பங்கையும் அண்டாவிலேயே சேர்க்கச் சொன்னேன், தோழமை நெருங்கும் என்று காரணம் காட்டினேன். மந்திரி கூட்டிய காலை இலையோடு மேளம் வந்தது. பருப்பு அவர் பாதத்தை மூடியது. நெய் மிதந்தது. கணுக்காலைச் சுற்றி வடுமாங்காய்கள் வட்டமிட்டன. பாயசம் விழுந்தபோது அவர் மூக்கு மட்டும் சற்று முன்னால் நீண்டது. ஏலக்காய் வாசனை அப்படிப்பட்டது. வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விட வழியில்லை, விருந்தாளி வாயால் குடிப்பதில்லையே. வெயில் ஏறியது. எறும்புகள் செய்தி கேட்டு வந்து சேர்ந்தன.

மத்தியானம் மன்னர் அந்தப் பக்கம் வந்து, விருந்து எப்படி என்று விசாரித்தார். மணம் அருமையாக இருக்கிறது என்றார் மந்திரி. தாகம் தணிந்ததா என்றார் மன்னர்.

“தாகம் நாளொரு மேனியாக வளர்கிறது, மன்னா.”

மன்னர் மகிழ்ச்சியாகப் போய்விட்டார். எனக்கே பாவமாக இருந்தது. ஒரு விசிறி எடுத்துவந்து அவருக்கு வீசினேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் எறும்பு கடித்திருந்தது.

சாயங்காலம் சபையோடு மன்னர் திரும்பி வந்தார். மந்திரி கன்றைப் போலவே தலை தொங்கி நின்றார். மன்னர் அன்பாகக் கேட்டார்.

“குலசிகாமணியாரே, வயிறு நிறைந்ததா?”

“இல்லை,” என்றார் மந்திரி.

மேளக்காரர் கையிலிருந்து குச்சி விழுந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அறுபது ஆண்டுகளில் முதல்முறையாக அந்தச் சொல் ஒரு மன்னர் காதில் விழுந்திருக்கிறது. மன்னர் தலையைச் சாய்த்து, காதில் தண்ணீர் புகுந்தவர் போல நின்றார். மறுபடி சொல்லும் என்றார். மந்திரிக்கு இனி எதைப் பற்றிக் கவலை?

“இல்லை, மன்னா. இல்லவே இல்லை. முழங்கால்வரை சோறு நிற்கிறது, தொண்டைக்குள் ஒரு பருக்கை போகவில்லை. காலில் கொட்டினால் வயிறு எப்படி நிறையும்?”

மன்னர் அண்டாவைப் பார்த்தார். கன்றைப் பார்த்தார். மெதுவாக என் பக்கம் திரும்பி, அதற்கும் இப்படித்தானா என்று கேட்டார். ஒருவர் ஏற்கனவே வழி திறந்துவிட்டிருந்தார், அந்தத் தைரியத்தில் சொன்னேன்.

“எனக்குச் செடியைப் பற்றி ஒன்றும் தெரியாது, மன்னா. தெரியாமல்தான் அன்றைக்கு வாயைத் திறந்தேன். நீங்கள் சிரிக்க வேண்டும் என்று சொன்னது அது. தெரிந்தவள் அங்கே நிற்கிறாள். அவளை யாரும் கேட்கவில்லை.”

மன்னர் உலகாயியைக் கேட்டார். அவள் மடியிலிருந்து ஒரு வெள்ளரிக்காயை எடுத்து, வில்லையாக நறுக்கி, இலையில் பரப்பி, ஒரு பிடி உப்பைத் தூவி மன்னர் முன்னால் வைத்தாள். எல்லோரும் சுற்றி நின்று பார்த்தோம். சற்றுப் பொறுத்து, வில்லைகளின்மேல் முத்து முத்தாகத் தண்ணீர் கட்டியது. பிறகு இலையில் வழிந்தது. வில்லைகள் துவண்டன. மன்னர் ஒன்றைத் தூக்கிப் பிடித்தார், அது அவர் விரலில் கன்றின் இலை மாதிரியே தொங்கியது.

அப்போதுதான் அவள் வாய் திறந்தாள்.

“ஆகாது, மகாராசா. உப்பும் நெய்யும் அதுக்கு ஆகாது. நல்ல தண்ணியும் மக்குன மண்ணும் போதும். நாம சாப்பிடுற சோறு, செடி குடிச்சு ஆக்கிக் கொடுத்தது. அதையே திருப்பிக் கொடுத்தா அது என்னத்தைப் பண்ணும்?”

மன்னர் அந்த வில்லையை மெல்ல இலையில் வைத்தார். பிறகு அண்டாவிலிருந்து இறங்கிய மந்திரியின் பாதங்களில் அவர் கண் போனது. பத்து விரல்களும் சுருங்கி, வெளுத்து, ஜாடியிலிருந்து அப்போதுதான் எடுத்தவை போல இருந்தன. மன்னருக்கு முதலில் தோள் குலுங்கியது. அப்புறம் தொந்தி. பிறகு உட்கார்ந்துவிட்டார். நான் அந்த அவையில் இருந்த பதினோரு வருடத்தில் அவர் அப்படிச் சிரித்ததில்லை. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்பளம் நொறுக்கிப் போடச் சொன்னது யார் என்று கேட்டு, மறுபடி சிரித்தார். மந்திரிக்கு உடனே இலை போடச் சொன்னார், இந்தமுறை வாய்க்கு. பாட்டனாரின் சட்டம் அன்றோடு போயிற்று. நந்தவனத்தில் இனி உலகாயி சொல்வதே சட்டம் என்றும் ஆயிற்று.

எனக்கு ஒரு பட்டுச் சால்வை போர்த்தினார். போர்த்திய கையோடு ஒரு தண்டனையும் கொடுத்தார்: பௌர்ணமிவரை கன்றுக்கு வேண்டிய தண்ணீரை நானே சுமக்க வேண்டும்.

மேல்மண்ணில் ஓர் அடுக்கை உலகாயி வழித்து எடுத்தாள். கன்றின் பாதி இலைகளைக் கிள்ளினாள், வியர்க்கும் இலை குறைந்தால் வேருக்குச் சுமை குறையுமாம். பாத்திக்குப் பக்கத்தில் தாழ்வாக ஒரு வாய்க்கால் வெட்டினாள். நான் குடம் குடமாகக் கொண்டுவந்து மெல்ல ஊற்றினேன். அடியில் ஊறி வாய்க்காலில் வந்த தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்தேன். கடல். மூன்றாம் நாள் மோர். ஆறாம் நாள் வெறும் தண்ணீர். அதோடு நிறுத்தி, மண் மூச்சுவிடட்டும் என்று காயவிட்டாள். மத்தியான வெயிலுக்கு என் பட்டுச் சால்வையை நாலு குச்சியில் பந்தலாகக் கட்டினோம். என் உடம்பில் இருந்ததைவிட அது அங்கே அழகாகத்தான் இருந்தது.

பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்னால் கணுவில் ஒரு துளிர், கிளி மூக்கு நுனி அளவு. தூதுவர் வந்து பார்த்து, மொட்டையாக நின்ற கன்றைக் கண்டு புருவத்தை உயர்த்தினார். மன்னர் அவரிடம், “நாங்கள் கெடுத்துவிட்டோம். இந்த அம்மாள் காப்பாற்றினாள்” என்றார். தூதுவர் துளிரைத் தொட்டுப் பார்த்தார், தன் நாட்டிலும் முதல் கன்றை ஒருவன் பால் ஊற்றியே கொன்றான் என்றார். இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு சாப்பிடப் போனார்கள்.

முற்றத்தில் நானும் உலகாயியும் மட்டும் நின்றோம். தோளில் குடம் அழுத்திய தழும்பைத் தடவிக்கொண்டு, என்மேல் இன்னும் கோபமா என்று கேட்டேன். அவள் சால்வைப் பந்தலின் ஒரு முடிச்சை இறுக்கினாள். பிறகு என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“இருக்கு,” என்றாள். “ஆனா நாளைக்கும் வாங்க.”